விட்டுப் பாடும் சரணம்

மூன்றாம் முறையும் கிட்டார் ஒரு பக்கம், நாப்லா ஒரு பக்கம். ‘கடல்’ என்ற சொல்லை அவள் இழுத்து, சுழித்து, மெல்ல இறக்கிக்கொண்டிருக்கும்போதே ஃபெஸ்டியின் கிட்டார் அடுத்த அடிக்குப் போய்விட்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் ஓர்லா கையசைத்து ஒலிப்பதிவை நிறுத்தினாள்.

"தாளத்துக்குள்ள நில்லேன் நாப்லா," என்றான் ஃபெஸ்டி. "ஐரிஷ் ரேடியோவுல வரப்போற பாட்டு. இப்படி ஆடி அசைஞ்சு போனா எவன் கேப்பான்?"

"மூச்சு போற போக்குல பாட்டு போகும். உன் கிட்டாரத் தூக்கி ஓரமா வை."

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவன் சிரித்தபடி கிட்டாரைப் பெட்டியில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். வெளியே போகிற உத்தேசம் இல்லை. நாப்லா கதவைப் பார்த்தாள்.

ஆரன் தீவுக்குப் போன படகு மூழ்கிய கதைதான் பாட்டு. அதில் செத்தவர்களில் ஒருவர் அவளுடைய தாத்தா. அடிப்பலகை இற்றுப்போனது தெரிந்தும் புயலில் படகை அனுப்பிய முதலாளி, ஃபெஸ்டியின் தாத்தா. ஒரு சரணம் அவரைப் பெயர் சொல்லியே, ஏன் அனுப்பினாய் என்று கேட்கிறது. அந்தக் குடும்பத்தார் யாராவது அறையில் இருந்தால் அதை விட்டுப் பாடுவதுதான் அயர்லாந்தின் கால்வே கரையில் மரியாதை. கல்யாணமோ, சாவு வீடோ, மதுக்கடையோ, அவர்கள் இல்லாத அறை ஏது? நாப்லாவின் பிள்ளைகள்கூட அந்தச் சரணம் இல்லாமல்தான் பாடுகிறார்கள். அவர்கள் பாட்டில் கடல் மட்டுமே குற்றவாளி. அது அவளுக்குப் பொறுக்கவில்லை. பதிவில் பாட்டு முழுசாகப் போகவேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வந்தாள். கிட்டாருக்கு இவனைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று யார் கண்டது?

"துணை வேண்டாம், நீங்க மட்டும் பாடுங்க நாப்லாக்கா," என்றாள் ஓர்லா.

டீ வாங்கிவரச் சொல்லி அவனை அனுப்பிவிடலாம். அவன் முதுகுக்குப் பின்னால் பாடவா இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம் வந்தது.

"ஃபெஸ்டி, இன்னிக்கு ஒரு சரணமும் விடப்போறதில்ல. இருக்கிறதும் போறதும் உன் இஷ்டம்."

எந்தச் சரணம் என்று அவன் கேட்கவில்லை. கிட்டார்ப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா குடிச்சிட்டு வந்தா, கதவச் சாத்திக்கிட்டு அந்தச் சரணத்த மட்டுந்தான் பாடுவாரு," என்றான். "நீ பாடு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை, குழைக்கவில்லை. அழுகைக்கும் இடம் தரவில்லை. இந்தப் பாட்டில் கடற்பறவையைப் பாடினாலும் பிணத்தைப் பாடினாலும் ஒரே குரல்தான். சுழிப்புகள் மட்டும் சரணத்துக்குச் சரணம் இடம் மாறின. அந்தச் சரணத்தை எடுத்தபோது நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்து போகிறான் என்று நினைத்தாள். அவன் பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்தான். பாடுகிறவரின் கையைப் பிடித்து மெல்லச் சுழற்றிக்கொடுப்பது அங்கே கேட்பவர்களின் வழக்கம். அவனும் சுழற்றினான்.

அவன் தாத்தாவின் பெயர் வந்ததும் கை நின்றது.

நாப்லா அந்தப் பெயரின் கடைசி எழுத்தை விடாமல் நீட்டினாள். மூச்சு அடிவயிற்றுவரை தீர்ந்துகொண்டிருந்தது. குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். பிறகு, அவள் கையோடு அவன் கை மறுபடி மெல்லச் சுழன்றது. அவள் அடுத்த அடிக்குப் போனாள்.