சாமிக்கு அளவெடுத்தவர்

கந்தவேலுக்கு இரும்புக் கிறுக்கு. அதிலும் பழைய வார்ப்பு இரும்பு என்றால் மனிதருக்குச் சோறு தண்ணி வேண்டாம். திருப்பூரில் நாலு காசு சேர்ந்தவன் இடம் வாங்குவான், கார் வாங்குவான், இல்லையென்றால் இன்னும் ரெண்டு தையல் மிஷின் வாங்கிப் போடுவான். இவர் பனியன் தைத்துக் கொடுத்துச் சம்பாதித்ததைக் காயலான் கடைகளில் கொண்டுபோய்க் கொட்டினார். கால் உடைந்த தையல் மிஷின் தாங்கி, கைப்பிடி இல்லாத காப்பிக்கொட்டை மிஷின், எந்த ஊர் என்றே தெரியாத படிக்கல், எதையும் விடமாட்டார். வாங்கி வந்ததோடு சும்மா இருப்பாரா? ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரம் வேறு கட்டிவிடுவார். இந்தப் படிக்கல்லை வைத்து எந்த மளிகைக்காரர் எத்தனை பேரை ஏமாற்றினாரோ என்று ஆரம்பித்தால், முடிப்பதற்குள் சாம்பார் ஆறிப்போகும்.

அவர் மனைவி நிர்மலா பொறுமைசாலிதான். ஆனால் வெள்ளகோவிலிலிருந்து லாரியில் அந்தக் கரும்பாலை வந்து இறங்கியதும் அவள் பொறுமையும் இறங்கிப் போய்விட்டது. மாடு கட்டிச் சுற்றுகிற பழங்காலத்து ஆலை. அடித்தட்டு இருந்தது, மேல்தட்டு இருந்தது, தலையில் பல் சக்கரத்தோடு நட்டமாக நிற்கும் இரண்டு உருளைகள் இருந்தன. நடுவில் நிற்க வேண்டிய பெரிய உருளை மட்டும் இல்லை. அது சுற்றினால்தான் பக்கத்து உருளைகள் சுற்றும். அது இல்லாமல் ஆலை வெறும் பாரம். துணி காயப்போடும் இடத்தையெல்லாம் அது அடைத்துக்கொண்டதும் நிர்மலா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஓடுகிற சாமானாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்குள் ஓடவில்லையென்றால் வந்த வழியே காயலான் கடைக்குப் போய்விடும். அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது கந்தவேலுக்கு நன்றாகத் தெரியும்.

அன்று முதல் அவர் உருளை தேடாத ஊரில்லை. அடித்தட்டில் சின்னதாக ஒரு மயில் வார்க்கப்பட்டிருந்தது. எந்தப் பட்டறையின் முத்திரையோ, பக்கத்திலிருந்த எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது. முருகனைக் கும்பிடுகிற நெசவுக் குடும்பம் அல்லவா, மயிலைக் கண்டதும் இது தனக்கென்றே வந்த ஆலை என்று அவருக்குப் பட்டுவிட்டது. பெரிய பண்ணையார் வீட்டு ஆலை, பங்காளிச் சண்டையில் ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டார்கள் என்று சரித்திரத்தையும் கட்டி முடித்தார். உருளைதான் கிடைத்தபாடில்லை.

மார்கழி முடியப் போகிற சமயம். சேவூர்ப் பக்கம் வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்கும் பெண்களிடம் பீஸ் வாங்கிவரப் போனார். திரும்பும்போது போன் அடித்தது. வாழைத்தோட்டம் ஒன்றின் ஓரமாக வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஷிப்மென்ட் என்னாச்சு என்று கத்துகிறவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே திரும்பினால், அங்கே ஒரு சாமி. இடுப்பளவு உயரம், உடம்பெல்லாம் மஞ்சளும் குங்குமமும், கழுத்தில் அரளி மாலை, தலையில் பல் பல்லாகக் கிரீடம். கும்பிடத்தான் கையைத் தூக்கினார். தூக்கிய கை பாதியில் நின்றுவிட்டது. கிரீடமாவது ஒன்றாவது! அது பல் சக்கரம்.

போனில் கத்தியவர் கத்திக்கொண்டே இருக்கட்டும் என்று பைக்குள் போட்டுவிட்டார். செருப்பைக் கழற்றுகிற புத்தி மட்டும் எப்படியோ இருந்தது. கழுத்தில் எந்நேரமும் தொங்கும் இன்ச் டேப்பை உருவிச் சாமியின் இடுப்பைச் சுற்றி அளந்தார். ஆலையின் அளவு அவருக்கு மனப்பாடம், அச்சாகப் பொருந்தியது. அதோடு விட்டாரா? கட்டிங் டேபிள் பழக்கத்தில் பேட்டர்ன் அட்டை ஒன்றை எடுத்துச் சாமியின் தலையில் வைத்து, பல்லின் வடிவத்தைச் சாக்பீஸால் வரைந்தும் கொண்டார். கடைசியாக நகத்தால் மஞ்சளைக் கொஞ்சம் சுரண்டினார். உள்ளே மயில் இருந்தது.

"ஏனுங்க, சாமிக்குப் பனியன் தெக்கறீங்களா?"

பின்னால் மண்வெட்டியோடு ஒரு அம்மாள் நின்றிருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. தோட்டத்துக்குச் சொந்தக்காரர், பொன்னாத்தாள் என்று பேர். கந்தவேல் அவசரமாக இன்ச் டேப்பைச் சுருட்டினார். ஏதாவது பொய் சொல்லித் தப்பலாம் என்றுதான் வாயைத் திறந்தார், வந்ததெல்லாம் உண்மையாக இருந்தது. ஆலையைச் சொன்னார், நிர்மலாவைச் சொன்னார், வெள்ளையடிப்பதைக்கூடச் சொன்னார். நீங்கள் கும்பிடுவது சாமியில்லை, ஆலை உருளை என்பதை மட்டும் மென்று மென்று சொன்னார்.

"தெரியுமுங்க" என்றார் பொன்னாத்தாள். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வலது கையை நீட்டிக் காட்டினார். நடுவிரலும் மோதிர விரலும் இல்லை. "இதுதானுங்க கடிச்சுது."

அந்தக் காலத்தில் இந்தத் தோட்டம் பூராவும் கரும்பு. ஆலை ஓடும்போது உருளைக்குள் கரும்பு கொடுப்பதில் சின்னப் பிள்ளை பொன்னாத்தாளை மிஞ்ச ஆளில்லையாம். ஒருநாள் கொடுத்துக்கொண்டிருக்கையில் யாரோ கூப்பிட, திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். ஒரே மகள். அவளைப் பெற்ற அய்யன் ஆலையைப் பிரித்து, வந்த விலைக்கு விற்றார். கடித்த உருளையை மட்டும் விற்க அவருக்கு மனசு வரவில்லை. இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் கடித்துவிட்டால்? தோட்டத்து ஓரத்திலேயே நட்டு, பூசை போட்டு, இங்கேயே இருந்துகொள் என்று சொல்லிவிட்டார். கரும்பு போடுவதையும் அதோடு விட்டார்.

பண்ணையாரும் பங்காளிச் சண்டையும் கந்தவேல் மனதில் பொடிப்பொடியாக உதிர்ந்தன. வீட்டில் நிற்கிற உருளைகளை எத்தனை நாள் தடவிப் பூரித்திருக்கிறோம் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. பேசாமல் வண்டியை எடுத்திருக்கலாம். கேட்காமல் போனால் அவர் கந்தவேல் அல்லவே. சாமியைத் திருப்பூருக்குக் கூட்டிப்போகலாமா என்று மெல்லக் கேட்டுவிட்டார். பொன்னாத்தாள் கோபப்படவில்லை. சாமியைக் கொடுக்க நான் யார், புதன்கிழமை உங்கள் சம்சாரத்தோடு வாருங்கள், பூக் கேட்டுப் பார்ப்போம் என்றார்.

அந்தப் பக்கத்தில் பெண் கொடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் சாமியிடம் பூக் கேட்பது வழக்கம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வாழையிலையில் ஒரே மாதிரி கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் கூடாது. குழந்தை யாரையாவதுதான் எடுக்கச் சொல்வார்கள். பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடம் போயிருந்ததால் நிர்மலாவை எடுக்கச் சொன்னார் பொன்னாத்தாள். கந்தவேல் முருகனை வேண்டிக்கொண்டார். போயும் போயும் இவள் கையிலா!

சிவப்புதான் வந்தது.

இடம் காலியாகப் போகிறது என்று நிர்மலா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். புருஷன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே தாங்கவில்லை, பொட்டலத்தைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றாள். பொன்னாத்தாள் அதை அவள் கையிலிருந்து வாங்கி மறுபடி கட்டினார். நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன் என்றார்.

"நீ எங்கயும் போக வேண்டாஞ் சாமி. உன்ற கூட இருந்ததுக இங்க வரட்டுமா?"

இந்தமுறை நிர்மலா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். வெள்ளை.

உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், கந்தவேலுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. தேடி அலைந்தவர் அவர், கண்டுபிடித்தவர் அவர். அவ்வளவையும் கொண்டுவந்து அடுத்தவர் தோட்டத்தில் இறக்குவதா? இரும்பு சேர்க்கிறவனுக்கு அது பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கிற மாதிரி. யோசித்துச் சொல்கிறேன் என்று இழுத்தார்.

"எங்கய்யன் நல்லதுன்னு நெனச்சுத்தானுங்க நிறுத்துனாரு" என்றார் பொன்னாத்தாள். "ஆனா என்னைய ஒரு வார்த்தை கேக்கலீங்க. அதுக்கப்பறம் கண்ணாலம் ஆகற வரைக்கும் ஒரு வேலையுந் தொட உடலை. அய்யோ பாவம், கையில்லாத புள்ளன்னு. எனக்கு இன்னொருக்கா கரும்பு குடுத்துப் பாக்கோணுமுங்க. அவ்வளவுதான்."

நிர்மலா கந்தவேல் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஓடற சாமான் எங்க இருந்தா என்னங்க மாமா?"

பொங்கலுக்குத் தெக்கத்தி டெய்லர்களெல்லாம் பஸ் ஏறிவிட்டார்கள். ஊருக்குப் போகாத பீகார்க்காரர்கள்தான் கம்பெனியில் இருந்தார்கள். வண்டியில் அவர்களையும் ஆலையையும் நாலு கட்டுக் கரும்பையும் ஏற்றிக்கொண்டு கந்தவேல் சேவூர் போனார். இதே மாதிரி ஆலை எங்கள் ஊரிலும் இருக்கிறது என்று அவர்கள் குதித்தார்கள். பொன்னாத்தாள் சூடம் காட்டி மன்னிப்புக் கேட்டபிறகு, செயின் போட்டு உருளையைத் தூக்கினார்கள். இடத்தைவிட்டு நகர்த்தவில்லை, அப்படியே அந்தரத்தில் நிறுத்தி, கீழே அடித்தட்டை வைத்து, மறுபடி இறக்கினார்கள். பக்கத்து உருளைகள் இரண்டும் அதனோடு பல்லோடு பல் பொருந்தி நின்றன. மஞ்சளை யாரும் கழுவவில்லை.

மேல்தட்டை மாட்டி, ஒரு நீளத் தடியையும் பூட்டி, மாட்டுக்குப் பதில் ஆட்கள் அதைத் தள்ளினார்கள். கிறீச்சென்று ஒரு சத்தம், பாதிச் சுற்று, அதோடு நின்றுவிட்டது. கந்தவேலுக்கு உயிரே போய்விட்டது. கிரீஸை அப்பி மறுபடி தள்ளினார்கள். சுற்றியது, முழுசாகச் சுற்றியது. மனிதர் வெட்கமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் பொன்னாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கரும்பைக் கட்டையால் தள்ளிக்கொள்ளலாமே என்று கந்தவேல் கெஞ்சினார். பொன்னாத்தாள் காதிலேயே வாங்கவில்லை. மூன்று விரல் கையால் கரும்பைப் பிடித்து உருளைக்குள் கொடுத்தார். பார்த்துங்க என்று சொல்ல நிர்மலா வாயெடுத்தாள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கரும்பு உள்ளே போய்ச் சக்கையாக வெளியே வந்தது. கை வெளியிலேயே இருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது என்று கொடுக்கக் கொடுக்க அவர் முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் வேகமாகத் தள்ளச் சொல்லித் தள்ளுகிறவர்களை அதட்டினார்.

முதல் டம்ளர் சாற்றைப் படைப்பதற்காகக் கந்தவேல் சாமி பக்கம் கொண்டுபோனார். பொன்னாத்தாள் எழுந்து வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"வருசா வருசம் நாந்தான உனக்குப் படையல் குடுத்தேன்" என்றார் உருளையைப் பார்த்து. "இந்த வருசம் நீ எனக்குக் குடு."

நின்றபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கட்டுக் கரும்பை அவிழ்க்கச் சொன்னார்.