வெளுத்த வான்கோழி

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. மறைப்பானேன்? மாத்தளையிலிருந்து பல்லேபொல போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் போனில் அண்ணனிடம் கெஞ்சினாள்: "நானா, நான் வர்ற வரைக்கும் அறுத்துடாதீங்க." எதை என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அதற்குள் இறங்கிவிட்டாள். மீதியை நான்தான் இட்டுக்கட்ட வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "மிளகுக் கொடிகளில் பனி சொட்டிய அந்தக் காலையில் ஸஜீதா..." வேண்டாம். பனியை எழுதினால் பக்கம்தான் நிறையும்.

இரண்டாவது: ஸஜீதா வளர்த்த வான்கோழியின் முகம் வெளுத்துவிட்டது.

இது பரவாயில்லை. (ஆட்டை எழுதத்தான் ஆசை. ஆட்டு முகத்தில் மயிர். நிறம் மாறினால் யாருக்குத் தெரியும்? வான்கோழிக்குத் தலை மொட்டை.)

3

பிள்ளைகள் கல்யாணம் முடித்துப் போனபின் ஸஜீதா தனியாக இருக்கிறாள். அவள் பேசினால் பதிலுக்குச் சத்தம் போட வீட்டில் அந்த வான்கோழி மட்டும்தான். அவள் டவுனுக்குப் போயிருந்தபோது அண்ணன் நிஸ்தார் பைக்கில் வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய முகம் வெள்ளை. சீக்கு என்று முடிவுகட்டி, தங்கைக்குப் போன் போட்டார்.

(அவரை முரடராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. தானாகச் செத்தால் ஹராம். உயிர் இருக்கும்போதே பிஸ்மி சொல்லி அறுத்தால் வீணாகாது. நல்ல மனுஷரின் அவசரம் அது.)

ஸஜீதா ஓடி வந்தபோது கத்தி தயாராக இருந்தது.

"மூஞ்சில ரத்தமே இல்ல. மவுத்தாகப் போகுது."

"காலையில செவப்பாத்தானே இருந்திச்சு! கொஞ்சம் அங்கிட்டுப் போங்க நானா."

அவர் விலகினார். மெல்லச் சிவந்தது.

"பாருங்க, செவக்குது!"

அவர் பார்க்கக் கிட்டே வந்தார். வெளுத்தது.

"எங்க செவப்பு?"

4

நானே வெளுத்துப் போய்ப் படிக்க உட்கார்ந்தேன். வான்கோழியின் தலைத் தோலுக்கடியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றின் கடிவாளம் நரம்புகளிடம். பயம் வந்தால் நரம்பு குழாய்களை இறுக்குகிறது, இரத்தம் குறைகிறது, முகம் வெளுக்கிறது. தைரியம் வந்தால் குழாய்கள் தளர்கின்றன, மறுபடி சிவப்பு. எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் அவர் வருவதால் அது வெளுக்கிறது. அது வெளுப்பதால் அவர் வருகிறார். இதை நிஸ்தாருக்கு யார் சொல்வது?

5

முடிவு ஒன்று: அறுத்துவிடுகிறார். எழுதினேன், கிழித்தேன். தட்டுச் சோற்றுக்கு முன்னால் ஸஜீதா கறியை ஓரமாக ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

முடிவு இரண்டு: நாவுலவிலிருந்து ஒரு மிருக வைத்தியர் வந்து நரம்பு பற்றி விளக்குகிறார். அவர் வாயில் என் குரல். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மூன்று...

ஸஜீதாவே முந்திக்கொண்டாள். "மதிலுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க நானா. செவந்தா நான் சொல்றேன். நான் சொல்றத நம்புங்க."

"சரி. பின்னேரம் அஸர் பாங்கு வரைக்கும்தான். அப்பறம் மதிலுக்கு மேலால ஒரு தடவ எட்டிப் பாப்பேன். வெள்ளையா இருந்தா அறுத்துடுவேன்."

போனார். கூட்டில் இன்னும் வெள்ளை. ஸஜீதா சுற்றிலும் பார்க்கிறாள். பார்வை நம்மிடம் வந்து நிற்கிறது.

"நானாவே போயிட்டாரு. நீங்க ரெண்டு பேரும் எதுக்கு இன்னும் எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

நியாயம்தான். நான் எழுந்துவிட்டேன். இப்போது கூட்டுக்கு முன்னால் நிற்பது நீங்கள் மட்டும்தான்.