கடைசி ஆளின் மணி

எங்கள் ஊரில் சைக்கிள் பைத்தியம் பிடிக்காதவள் நான் ஒருத்திதான். பல் டாக்டர் முழங்கையில் பிளாஸ்திரியோடுதான் பல் பிடுங்குகிறார். சலூன்காரர் ஒரு பக்க மீசையை எடுத்துவிட்டு, காட்டுப் பாதையில் புதிதாக விழுந்த மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், மறுபக்க மீசை அவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரருக்கு மேல் ஊரில் மருந்துக்கடை. தினமும் சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு, நல்ல தார்ரோடு இருக்க, காட்டுப் பாதையில் சைக்கிளை விட்டு எங்கள் கொல்லைக்குள் வந்து இறங்குவார்.

வருஷத்துக்கு ஒரு பந்தயம் உண்டு. மலை உச்சியில் கிளம்பி, அதே காட்டுப் பாதையில் இறங்கி, ஏரிக்கரை மைதானத்தில் முடியும். முதலில் வருபவருக்குக் கோப்பை. கடைசியாக வருபவருக்கு ஒரு மாட்டு மணி. பந்தயத்தை நடத்துகிற சலூன்காரரே ஸ்பேனரோடு வந்து அதை ஹேண்டில்பாரில் முடுக்கிவிடுவார். அடுத்த பந்தயம் முடியும்வரை கழற்றக் கூடாது. கல்லில் ஏறினாலும் அடிக்கும், பள்ளத்தில் இறங்கினாலும் அடிக்கும்.

மூன்று வருஷமாக அந்த மணி எங்கள் வீட்டில்தான். இருமல் மருந்து வாங்க வருகிறவர்கள்கூட முதலில் மணியின் சௌக்கியத்தை விசாரித்துவிட்டுத்தான் இருமுகிறார்கள். மனிதர் நொந்துபோய்விட்டார். இந்தத் தடவை மணியை எப்படியும் யார் தலையிலாவது கட்டிவிடுவது என்று சர்க்கரையை விட்டார், சாதத்தைக் குறைத்தார், எடை குறையட்டும் என்று சைக்கிளின் மட்கார்டைக் கழற்றி என் துணிக்கூடையில் போட்டார்.

இதே சுறுசுறுப்பைக் கொல்லைக் கதவிலும் காட்டலாமே என்றேன். அது தெருவுக்குப் போகிற இரும்புக் கதவு. ஒரு பக்கமாகத் தொங்கிப்போய், விட்டால் தானே சாத்திக்கொள்ளும். முழங்காலால் முட்டுக் கொடுத்துத் தாழ்ப்பாளைத் தூக்கினால்தான் திறக்கும். அந்த வித்தை எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். பந்தயம் முடியட்டும் என்றார்.

அவரிடம் நான் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. எனக்கு அந்த மணி வேண்டும். மணி வருவதற்கு முன்னால் ஒருநாள் இவர் கால் பிசகிக் காட்டுப் பள்ளத்தில் கிடந்தார். அங்கே செல்போன் எடுக்காது. ஊர் சுற்றிவிட்டு வருகிறார் என்று நான் வீட்டில் சுவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது மேலே மணி கேட்டதும் டீக்குத் தண்ணீர் வைக்கிறேன். அந்தச் சத்தம் வரும்வரை எனக்கு எந்த வேலையும் ஓடாது.

பந்தயத்தன்று ஊரையே மூடிவிட்டது பனி. நான் கொல்லையில் போர்வை துவைத்துக்கொண்டிருந்தேன். மேலே மணி கேட்டது. என் பாட்டுக்குப் போய் அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டுத் திரும்பவும் துவைக்க உட்கார்ந்தேன். அப்புறம்தான் உறைத்தது, இவர் ஏரிக்கரைக்கு அல்லவா போக வேண்டும்?

அதற்குள் பனியைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றார். முகமெல்லாம் பல்.

"நான்தான் முதல்ல," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ எங்க இங்க?"

"நம்ம வீட்ல நான் இல்லாம வேற யாரு இருப்பா?"

நடந்தது இதுதான். உச்சியில் பாதை தெரியாமல் எல்லோரும் திகைத்து நிற்க, தினமும் வருகிற தைரியத்தில் இவர் மட்டும் முன்னால் போயிருக்கிறார். மற்றவர்கள் மணிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்திருக்கிறார்கள். பாதை பிரிகிற இடத்தில் பந்தயப் பாதை வலது பக்கம் போக, இவர் தினப்படி பழக்கத்தில் இடது பக்கம் திரும்பிவிட்டார். பேசி முடிப்பதற்குள் ஒவ்வொருவராக வந்து என் பீன்ஸ் கொடியில் விழுந்தார்கள். ஒருவர் போர்வைக்குள்ளேயே புகுந்துவிட்டார்.

அப்போது ஏரிக்கரை ஒலிபெருக்கியில், இன்னும் ஒருத்தரையும் காணோமே என்று சலூன்காரர் புலம்புவது கேட்டது. அவ்வளவுதான், எல்லோரும் இரும்புக் கதவுக்குப் பாய்ந்தார்கள். யார் இழுத்தும் அது அசையவில்லை. வீட்டுக்குள் புகுந்து போகலாமா என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்ததும் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

இவர் முட்டுக் கொடுத்துத் திறந்தார். முன்சக்கரம் தெருவில் இருந்தது. அப்படியே போயிருந்தால் கதவு தானே சாத்தியிருக்கும், மணி தொலைந்திருக்கும், கோப்பையும் கிடைத்திருக்கும். ஆனால் அத்தனை பேரையும் உள்ளே அடைத்துவிட்டுப் போக அவருக்கு மனசு வராது. என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் பிடிச்சுக்கோயேன்."

நான் சோப்பு நுரையோடு இருந்த கையைப் பார்த்தேன்.

"கை ஈரமா இருக்குங்க. வழுக்கும்."

முன்சக்கரத்தை உள்ளே இழுத்தார். பிறகு சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொருவரும் நன்றி சொல்லிவிட்டுப் பறந்தார்கள். கடைசி ஆள், வரும்போது மறக்காமல் சாத்திவிட்டு வரச் சொன்னார்.

கோப்பை பல் டாக்டருக்குப் போனது. மணிச் சத்தமே கேட்காத அளவுக்குப் பின்தங்கியிருந்தவர், பனி விலகியதும் சரியான பாதையில் வந்து சேர்ந்திருக்கிறார். மைதானத்தில் வேறு சைக்கிளே இல்லாததைப் பார்த்து, எல்லோரும் பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்து, தானாகவே மணியைக் கேட்டிருக்கிறார். சலூன்காரர் கோப்பையை நீட்டவும், கிண்டலா என்று சண்டைக்குப் போய்விட்டாராம்.

சாயங்காலம் மணி அடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். டீயைக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுக் கேட்டார்.

"கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னப்ப ஜன்னல் வழியா பார்த்தேன். அடுப்புல டீத் தண்ணி கொதிச்சுக்கிட்டிருந்துது. நான் வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மணி கேட்டுச்சு."

"தினமும் அப்படித்தானா?"

"தினமும்தான். அது கேக்கறவரைக்கும் எனக்கு உயிரே இருக்காது," என்றேன். இதற்குமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

டம்ளரை வைத்துவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். ஒருவழியாகக் கதவுக்கு நல்ல காலம் பிறந்தது என்று நானும் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். சைக்கிள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மணியின் திருகாணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டிருந்தார்.

கதவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.