மாப்பிள்ளைச் சிலந்தி

1976 நவம்பர் 9 மதியம், போடிமெட்டிலிருந்து இறங்கிய பஸ் மலையடிவாரச் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டது. தமிழ்நாட்டில் மதுவிலக்கு திரும்ப வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கேரளப் பக்கத்துச் சாராயம் இந்தப் பாதையில்தான் இறங்கியது.

ஏட்டு மலைச்சாமி, சந்திரவல்லியின் பையிலிருந்து சிறிய கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்தார். திறந்து முகர்ந்தார்.

"என்னம்மா இது?"

"ஸ்பிரிட்டு சார். உள்ள சிலந்தி இருக்கு. மதுரையில காலேஜ்ல விலங்கியல் நடத்துறேன்."

அவர் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கிக்கு ஏத்தப் பல்லி போடுறாங்க, பேட்டரிக் கட்டை போடுறாங்க. சிலந்தியா? இது புதுசு."

"புதுசுதான் சார். அதத்தான் சொல்றேன்."

பஸ்சே சிரித்தது. ஏலக்காய் பறித்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த இருளம்மாள் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்: "ஏட்டையா, அது ஒரு மடக்குக்குக் காணாது. விடுங்க, சோலி கெடக்கு."

அந்தச் சிலந்தி இனத்தை முதலில் கண்டவன் சந்திரவல்லியின் அண்ணன் சோலைமலை. ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. நிழல்மரம் ஒன்றின் பட்டைக்கடியில் பிடித்து, "ஒனக்கு மாப்ள கொண்டாந்திருக்கேன்" என்று தீப்பெட்டியை நீட்டினான். திறந்து பார்த்தால் அது பெண். இருவரும் நெடுநேரம் சிரித்தார்கள். அடுத்த ஆனியில் மழைக்குள் ஜீப்பு கவிழ்ந்து அவன் இறந்தான்.

சிலந்திக்கு அவன் பெயரை வைக்க நினைத்தாள். ஆணையும் பார்க்காமல் புது இனமென்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று, அவள் அனுப்பிய பெண் சிலந்தியைப் பார்த்த கல்கத்தா நிபுணர் எழுதிவிட்டார். அன்று காலைதான், அதே மரத்தில், ஆண் கிடைத்தது. மரத்தில் வெட்டுவதற்கான சுண்ணாம்புக் குறி இருந்தது.

கல்லூரி முதல்வர் கொடுத்த ஆங்கிலச் சீட்டை எடுத்து நீட்டினாள். ஏட்டு எழுத்துக் கூட்டி வாசித்ததில் அவருக்குப் பிடிபட்டது ஸ்பிரிட் என்ற சொல் மட்டும்தான்.

"நீங்களே எழுதி வச்சிருக்கீங்களேம்மா. பொம்பளைப் பிள்ளைன்னு கேஸ் போடாம விடுறேன்."

ரோட்டோரம் புட்டியைக் கவிழ்த்தார். முந்தின நாள் மழைத்தண்ணீர் அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

சந்திரவல்லி இறங்கிச் சரளைக் கற்களை விரலால் விலக்கத் தொடங்கினாள். டிரைவர் ஆரன் அடித்தார். இருளம்மாளும் இறங்கி வந்து பக்கத்தில் குனிந்தாள்.

"எம்புட்டுப் பெருசு ஆத்தா?"

சந்திரவல்லி தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள்.

இருளம்மாள் சேற்றிலிருந்து எதையோ எடுத்து, தன் சேலையில் துடைத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அது ஒரு புளிய இலை.

"அக்கா, வெரசா ஏறுங்க," என்றார் டிரைவர்.

அடுத்த மழைக்கு அவள் தோட்டத்துக்குப் போனபோது அந்த மரம் இல்லை. பிறகும் மூன்று மழைக்காலம் மற்ற மரங்களில் தேடினாள்.

1981இல் நிபுணரின் சிலந்திப் பட்டியல் அச்சாகி வந்தது. அதில் போடி மலைச் சிலந்திக்கு ஒரே வரி: பெண் ஒன்று, ஆண் கிடைக்கவில்லை, பெயரிடப்படவில்லை.