தொட்டியில் விழாதவள்

அச்சகத்து முற்றத்தில் காலையிலேயே பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டார்கள். தொழில் கற்று முடித்தவரை அதில் தூக்கிப் போட்ட பிறகுதான் அச்சுக்காரர் கூட்டத்தில் சேர்த்தி. ஓல்டன்பர்க்கில் இது ஊரறிந்த சங்கதி. விப்கெ யாரிடமும் சொல்லாமல் பையில் ஒரு துண்டும் மாற்றுடையும் எடுத்து வந்திருந்தாள். அவளைப் போடப்போவதாக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு நப்பாசை.

அவளும் கெசினெயும் சின்ன வயதில் ஒரே பெஞ்சு. பிறகு கெசினெ இதே அச்சகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். கொஞ்ச நாள் வகுப்பு, மிச்ச நாளெல்லாம் இயந்திரத்தடி. விப்கெ முழுநேரத் தொழிற்பள்ளிக்குப் போய் மதிப்பெண்ணை அள்ளினாள். என்ன பிரயோசனம்? பயிற்சி முடிந்த கையோடு கெசினெக்கு நிரந்தர வேலை. இவளோ சான்றிதழோடு வாசல் வாசலாக ஏறி இறங்கி, கடைசியில் இங்கேயே தற்காலிகமாக வந்து ஒட்டிக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் ஆளுக்கு ஆள் தாங்கள் நனைந்த கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். இவள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பாள்.

"புடிங்கடா அவன!" என்று மேற்பார்வையாளர் ஒன்னோ கத்தினார். இந்த வருடம் பயிற்சி முடித்த யான்னிக்கை நாலு பேர் தூக்கி, தொபுக்கென்று போட்டார்கள். முற்றமே நனைந்தது.

கெசினெ சும்மா இருக்கவில்லை. "ஒன்னோ, நம்ம விப்கெயையும் போடுங்களேன். காஞ்சு போய் நிக்கிறா பாருங்க."

"வேணாம்பா, ஸ்கூல் பொண்ணு! தண்ணி பட்டா சான்றிதழ் கரைஞ்சிடும்!" என்றது ஒரு குரல். விப்கெயும் சேர்ந்து சிரித்தாள். கை மட்டும் பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தது.

ஒன்னோ பக்கத்தில் வந்தார். "போடலாம் புள்ள, எனக்கென்ன? ஆனா நம்ம அச்சகத்து முறைன்னு ஒண்ணு இருக்கே. தூக்கும்போது, இன்னார்கிட்ட கத்துக்கிட்ட ஆளுன்னு சத்தமா சொல்லணும். உனக்கு யார் பேரச் சொல்ல?"

விப்கெ யோசித்துப் பார்த்தாள். தொழிற்பள்ளியில் வண்ணத்துக்கு ஓர் ஆசிரியர், காகிதத்துக்கு ஒருவர். மணி அடித்தால் வருவார்கள், மணி அடித்தால் போவார்கள். அவர்களில் யாருக்காவது இவள் முகம் ஞாபகம் இருக்குமா?

"நெறைய பேரு இருந்தாங்க" என்றாள்.

"அப்படிச் சொன்னா ஆகாதேம்மா" என்றார் ஒன்னோ. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது அவருக்கும். பொரித்த சாசேஜ் ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டினார்.

எல்லோரும் பீருக்கு உள்ளே போனபின், தொட்டியைக் கவிழ்க்க ஆள் இல்லை. விப்கெ தனியாகவே சாய்த்தாள். தண்ணீர் குபுக்கென்று வந்து அவள் காலணியை நிறைத்துவிட்டு, சாக்கடைப் பக்கம் ஓடியது. உள்ளே யான்னிக் தன் கதையை முதல் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போனதும் மாற்றுடையையும் துண்டையும் மடிப்புக் கலையாமல் அலமாரியில் திரும்ப வைத்தாள். காலுறையை மட்டும் பிழிந்து கொடியில் போட்டாள்.