வேலி தாண்டிய முனிவர்

கருமை என்பது பண்ணைக்காரருக்கு ஒரு நிறமன்று, ஒரு நெறி. அவருடைய தொழுவத்தில் நின்ற பசுக்கள் அனைத்தும் கார்காலத்து முகிலைத் துண்டு துண்டாக நறுக்கிக் கால் பொருத்தி நிறுத்தியவைபோல் இருந்தன. கால்களும் குட்டைக் கால்கள். வளர்ந்து முற்றிய பின்னும் ஆளின் இடுப்பளவைத் தாண்டாத சிற்றினம் அது. அவற்றின் நடுவே கார்மேகம் என்னும் காளை, தன் உயரக் குறைவு தனக்குத் தெரியாத பெருமிதத்தோடு நின்றது. ‘கார்மேகத்தின் கன்று கறுப்பாகவே பிறக்கும், உறுதி’ என்று வாயிற்பலகை பறைசாற்றியது. அந்த உறுதியை நம்பியே சுற்றுவட்டாரத்தார் தத்தம் பசுக்களை ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஆகவே, அஞ்சனம் என்ற பசு அன்று காலை ஈன்றதும், பண்ணையில் உடனுழைக்கும் அவருடைய தங்கை உரக்கக் கூவவில்லை. கன்றை வைக்கோலால் துடைத்து முடித்துவிட்டு, மிக மெல்லிய குரலில், “அண்ணா, கொஞ்சம் வாயேன்” என்றாள்.

கன்று சிவந்திருந்தது. பழுப்பு என்று சொல்லி மழுப்புவதற்கும் இடம்கொடாத சிவப்பு. அந்தி வானம் வழிதவறித் தொழுவத்துக்குள் வந்து படுத்துக்கொண்டதோ என்று ஐயுறத்தக்க சிவப்பு.

“ஈரமா இருக்குல்ல, அதான் அப்படித் தெரியுது” என்றார் பண்ணைக்காரர்.

“காய்ஞ்சாச்சுண்ணா.”

“உள்ளே வெளிச்சம் சரியில்ல.”

தங்கை கன்றை இரு கைகளாலும் அணைத்துத் தூக்கி முற்றத்து வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினாள். வெயில் முழுக்க முழுக்கக் கன்றின் கட்சியே பேசியது.

“இதுல அதிசயம் ஒண்ணும் இல்லண்ணா” என்றாள் அவள். “நிறத்துக்குன்னு ஒவ்வொரு மாட்டுக்கும் ரெண்டு பங்கு உண்டு. அம்மாகிட்டேருந்து ஒண்ணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணு. ரெண்டுல ஒண்ணு கறுப்பா இருந்தாலே மாடு கறுப்பாத்தான் தெரியும். சிவப்பு உள்ளே சத்தம் காட்டாம உக்காந்திருக்கும். அஞ்சனத்துக்குள்ளேயும் உக்காந்திருக்கு, கார்மேகத்துக்குள்ளேயும் உக்காந்திருக்கு. அந்த ரெண்டு சிவப்பும் இந்தக் கன்னுகிட்ட வந்து ஒண்ணு சேர்ந்துடுச்சு.”

“கார்மேகத்துக்குள்ளே என்ன இருக்குன்னு நீ எட்டிப் பார்த்தியா?”

“பார்க்கலாமே. வால் முடி நாலு வேரோட பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினா அப்படியே புட்டுப் புட்டு வெச்சிடுவாங்க.”

“என் காளை வால்ல எவனும் கை வைக்கக் கூடாது!” என்று அதட்டிய பண்ணைக்காரரின் பார்வை, போக்கிடம் தேடி அலைந்து, கடைசியில் வேலிக்கு அப்பால் போய் நிலைத்தது. அங்கே, தையற்காரரின் கொல்லையில், ஒரு சிவப்புக் காளை கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அதுவும் அதே சிற்றினந்தான். தாயை இழந்த கன்றாக வந்தபோது தையற்காரர் புட்டிப்பால் புகட்டி வளர்த்தார். வளர்ந்தபின் அது பசு என்னும் இனம் உலகில் உண்டென்பதையே ஒப்புக்கொள்ளவில்லை. வாலை உயர்த்தி வலிய வந்து நின்ற பசுக்களையும் அது கல்லையும் மண்ணையும் நோக்குவதுபோல் நோக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டது. அதனால் முனிவர் என்ற பெயர் தானாக அமைந்தது. முற்றும் துறந்த அப்பெரியவருக்குத் துணியின்மேல் மட்டும் பற்று நீங்கவில்லை. சென்ற வாரம் ஒரு மாப்பிள்ளையின் புதிய கால்சட்டையில் ஒரு காலை மென்று விழுங்கியிருந்தது.

தையற்காரரின் மனைவி அன்றே முடிவுகட்டிவிட்டாள். “வெள்ளிக்கிழமை தரகர் வர்றார். கன்னுக்கு வழியில்லாத காளை இங்கேருந்து எங்கே போகும்னு நான் வாயால சொல்ல வேண்டியதில்ல. அழறதுன்னா வியாழக்கிழமையே அழுது முடிச்சிடுங்க.”

தையற்காரர் வியாழன்வரை காத்திருக்கவில்லை. பண்ணைக்காரர் உள்ளே நுழைந்தபோது அவர் ஒரு சட்டைக் கையை இயந்திரத்தில் ஓட்டிக்கொண்டே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“என்னய்யா டெய்லர், மாடு வளர்க்கிறியா, இல்ல திருடனை வளர்க்கிறியா? உன் காளை வேலியைத் தாண்டி வந்து என் அஞ்சனத்தைக் கெடுத்துட்டுப் போயிருக்கு! கன்னு செக்கச் செவேல்னு பிறந்திருக்கு!”

மிதிகட்டையின்மேல் தையற்காரரின் கால் நின்றது. “யாரு?”

“உன் முனிவர்தான்!”

“எங்க முனிவரா? வேலியத் தாண்டியா?” தையற்காரர் எழுந்தே நின்றுவிட்டார். கண்ணில் நீர் அப்படியே இருக்க, முகம் மட்டும் மலர்ந்தது. “அண்ணே, நீங்க நல்லா இருக்கணும். இன்னொரு தடவை சொல்லுங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. அவ அடுப்படியில இருக்கா.”

களவுக் காதல் வெளிப்பட்டு ஊரில் அலர் எழுந்தால் பெண்ணைப் பெற்றவர்கள் சினப்பதும், பிள்ளையைப் பெற்றவர்கள் மறுப்பதும் பாட்டுக்கும் உலகுக்கும் பொதுவான வழக்கம். குற்றம் சாட்ட வந்தவருக்கு நாற்காலி போட்டு, காற்றாடியை அவர் பக்கம் திருப்பிவைத்து, ‘மேலே சொல்லுங்கள்’ என்று கைகட்டி நிற்கும் தந்தையை எந்தப் புலவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார். திட்டுவதற்காகச் சேர்த்துவைத்த சொற்களெல்லாம் பண்ணைக்காரரின் வாயிலேயே குளிர்ந்துபோயின.

மனைவி அடுப்படியிலிருந்து வெளிவந்தாள். கணவர் சொன்னதைக் கேட்டாள்; பண்ணைக்காரர் சொன்னதையும் கேட்டாள். பிறகு மேசைமேல் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கொல்லைக்கு நடந்தாள்.

வேலியின் இந்தப் பக்கம் அவர்கள் மூவரும். அந்தப் பக்கம் பண்ணைக்காரரின் தங்கையும், கன்றுக்கு இளஞ்சூட்டில் நீர் கொண்டுவந்த அவள் அண்ணியும், அதாவது பண்ணைக்காரரின் மனைவியும். இந்தப் பக்கத்து வேலியோரத்தில் முனிவர் படுத்திருந்தது.

தையற்காரரின் மனைவி வேலியை அளந்தாள். குனிந்து முனிவரின் முன்னங்காலையும் அளந்தாள். “வேலி என் கழுத்து வரைக்கும் வருது. இவன் கால் என் முழங்காலைக்கூடத் தொடல. எப்படித் தாண்டினான்?”

“ஆசைன்னு வந்துட்டா உசரம் கண்ணுக்குத் தெரியாதுடி” என்றார் தையற்காரர்.

“ஆசையா? இவனுக்கா? நான் உங்களைக் கேக்கல. அண்ணா, நீங்க சொல்லுங்க.”

முனிவரைக் குற்றவாளியாக்க வந்த பண்ணைக்காரர், அதன் வீரத்துக்குச் சான்று சொல்லவேண்டிய நிலைக்கு வந்து சேர்ந்தார். “அதும்மா... தூரத்துலேருந்து ஓடி வந்து ஒரே தாவா தாவியிருக்கும்.”

“இவன் ஓடினதை யார் பார்த்தா? சோறு வெச்சாலே எழுந்திருக்க யோசிப்பான்.”

“பார்க்கத்தான் சாது. கண்ணைப் பாருங்க, என்ன ஒரு வேகம் அதுல!”

எல்லாரும் பார்த்தார்கள். கண் மூடியிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆயினும் சும்மா இருக்க அவளால் இயலவில்லை. “அண்ணா சொல்றது சரின்னே வெச்சுக்குவோம். அப்பவும் கணக்கு முழுசாத் தீரலையே. அப்பா மட்டும் சிவப்புன்னா கன்னு சிவப்பாகாது. அம்மாவும் தன் பங்குக்கு ஒரு சிவப்பு தந்திருக்கணும். அஞ்சனம் சுத்தக் கறுப்பா இருந்தா, முனிவர் இல்ல, வேற எந்தச் சிவப்புக் காளை வந்திருந்தாலும் கன்னு கறுப்பாத்தான் விழுந்திருக்கும்.”

அண்ணி நீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அஞ்சனம் அவளுடைய தாய்வீட்டிலிருந்து வந்த பசு.

“ஏங்க,” என்றாள், “அப்போ உங்க காளை யோக்கியம், எங்க அம்மா வீட்டு மாட்டுல தான் கலப்படம். அதானே சொல்ல வர்றீங்க?”

“நான் எங்கே சொன்னேன்? அவதானே சொன்னா!”

“அவ கணக்குச் சொன்னா. வேலி தாண்டினான், வேலி தாண்டினான்னு காலையிலேருந்து தண்டோரா போட்டது நீங்க. எங்க வீட்டு மாட்டை மட்டும் தெருவுல நிறுத்திட்டு, உங்க மேகம் உள்ளே நின்னு புல்லு தின்னுமா? கறைன்னா ரெண்டு பேருக்கும் கறை.”

“இல்லம்மா, அஞ்சனம் பத்தரைமாத்து...”

“அப்போ காளையிலதான் குறையா?”

பண்ணைக்காரர் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். ஒரு பக்கம் வாயிற்பலகை. ஒரு பக்கம் மனைவி. இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றும் மறுமொழி எந்த மொழியிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

“இதுக்கு ஏன் இவ்வளவு சண்டை?” என்றாள் தங்கை, மிகக் கனிவாக. “அஞ்சனம், கன்னு, கார்மேகம், முனிவர், எல்லாரோட வால் முடியையும் அனுப்பினாப் போச்சு. அப்பா யாருன்னு ஆய்வகத்துல...”

“வேண்டாம்!”

ஒரே நேரத்தில், ஒரே குரலில், இருவர் கூவினார்கள்: வேலி தாண்டியது என்று குற்றம் சாட்டியவரும், ஆம் தாண்டியது என்று மகிழ்ந்தவரும்.

தையற்காரரின் மனைவி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வெவ்வேறு துணியில் வெட்டிய இரண்டு துண்டுகள் எப்படி இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகின்றன என்று பார்ப்பவள்போல் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இஞ்ச் டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“சரி. நம்பிட்டேன்.”

“நம்பிட்டியா!” தையற்காரர் முனிவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

“முழுசா நம்பிட்டேன். அண்ணா ஒரு நாளும் பொய் சொல்ல மாட்டார். ஆனா பாருங்க அண்ணா, வேலி தாண்டுற காளையை என் கொல்லையில வெச்சுக்கிட்டு நான் நிம்மதியாத் தூங்க முடியுமா? இன்னிக்கு உங்க வீடு, நாளைக்கு யார் வீடோ. அப்பன் இங்கேயும் பிள்ளை அங்கேயுமா இருக்கிறதும் நல்லா இல்ல. நீங்களே ஓட்டிக்கிட்டுப் போயிடுங்க.”

“நானா? எனக்கு எதுக்கு இவன்?”

“ஏன், இவன் அப்பன் இல்லையா?”

அண்ணி இடுப்பில் கை வைத்தாள். “கேக்கிறாங்கல்ல, சொல்லுங்க. நானும் தெரிஞ்சுக்கிறேன்.”

தங்கை ஒரு சொல் சொல்லியிருந்தால் அண்ணனை மீட்டிருக்கலாம். அவள் போய்ப் படலைத் திறந்துவிட்டாள். முனிவரை எழுப்பி, நான்கு பேர் தள்ளி, அந்தப் பக்கம் சேர்ப்பதற்குள் நண்பகலாகிவிட்டது.

தையற்காரர் காலையும் மாலையும் ஒரு கட்டுப் புல்லோடு வந்து நின்றார். முனிவரைத் தடவிக்கொடுத்தார், கன்றிடம் அதன் மூக்கைக் காட்டி, “அப்படியே அப்பா ஜாடை” என்றார். பண்ணைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனால் அவர் மனத்துக்குள் ஒரு வழி வகுத்திருந்தார். முனிவர்தான் தந்தை என்ற செய்தி இரண்டு மூன்று நாள் ஊரில் உலவட்டும். வெள்ளிக்கிழமை தரகர் எப்படியும் வருவார். அவரிடம் பிடித்துக் கொடுத்துவிட்டால் தீவனமும் மிச்சம், சான்றும் மறையும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தரகரின் வண்டி தையற்காரர் வீட்டில் நின்று, விசாரித்துக்கொண்டு, பண்ணை வாயிலுக்கு வந்தது. இரைச்சலைக் கேட்டுத் தையற்காரர் விரல்தொப்பியைக் கழற்ற மறந்தவராய் ஓடி வந்தார்.

“அண்ணே, வேண்டாம்ணே. நான் இனிமே புல்லு மட்டும் இல்ல, தவிடும் கொண்டாறேன். உங்களுக்கு ஆயுசுக்கும் சட்டை தைச்சுத் தர்றேன்.”

“டெய்லர், பண்ணைன்னா நாலும் இருக்கும். போய் வேலையைப் பாரு.”

தரகர் முனிவரின் விலாவை அமுக்கிப் பார்த்துத் தலையசைத்தார். பண்ணைக்காரர் கயிற்றை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தார். தையற்காரர் காளையின் கழுத்தை விடாமல், வாய்விட்டு அழவும் முடியாமல், அதன் காதோடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அது கடைசி வாய் புல்லை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

அப்போது தொழுவத்திலிருந்து அண்ணியின் குரல் எழுந்தது. “ஏங்க! கடைக்கோடிப் பசு ஈன்னுடுச்சு!”

பண்ணைக்காரரின் கை அந்தரத்தில் நின்றது. “என்ன நிறம்?”

“அதை நான் சொல்ல மாட்டேன். நீங்களே வந்து பார்த்துக்குங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், இந்தப் பசு எங்க அம்மா வீட்டுலேருந்து வந்தது இல்ல!”

தொழுவ வாயிலில் தங்கை தோன்றினாள். அவள் கையிலிருந்த கன்று வெயில் பட்டதும் செம்பருத்தி போல் விரிந்தது.

பண்ணைக்காரர் கன்றைப் பார்த்தார். கார்மேகத்தைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு தரகரின் கையிலிருந்து கயிற்றை வெடுக்கென்று பிடுங்கினார்.

“இவன் விக்கிறதுக்கு இல்ல.”

“என்னங்க இது? ஒண்ணுக்கும் உதவாத காளைன்னு சொல்லித்தானே என்னை வரச் சொன்னாங்க?”

“எவன்யா சொன்னது உதவாதுன்னு?” பண்ணைக்காரர் இரைந்த இரைச்சலில் கோழிகள் சிதறின. “இந்த வட்டாரத்துல இவனை மாதிரி அடங்காத காளையை நீ பார்த்திருக்கவே மாட்டே! வேலி, படல், எதுக்கும் நிக்காது! வண்டியைத் திருப்பு!”

வண்டி திரும்பியது. தையற்காரர் முனிவரின் கழுத்தில் முகம் புதைத்து நின்றார். பண்ணைக்காரர் கயிற்றைத் தாமே முளையில் கட்டி, ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தங்கையின் பக்கம் திரும்பினார்.

“அடுத்து எது ஈனப்போகுது?”

“குட்டையச்சி. அடுத்த மாசம்.”

முனிவர் மண்டியிட்டுச் சரிந்து, நிழல் பார்த்துப் படுத்தது.

“டெய்லர் அந்தத் தவிட்டைக் கொண்டாரட்டும்” என்றார் பண்ணைக்காரர். “பிண்ணாக்கும் கொஞ்சம் சேர்த்துப் போடு. உடம்புக்கு ஒண்ணும் வந்துடாமப் பார்த்துக்க.”