நூற்றெழுபது வோல்ட்டில் நாற்பத்து மூன்று முட்டைகள்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, காப்பியடித்தேன். பாகூரில் ஆரோக்கியசெல்வியின் வீட்டுப் பின்பக்கம் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதன் மூடியில் அவள் சாக்பீஸால் போட்ட கணக்குதான் கதை. பத்தாம் வகுப்பிலும் இப்படித்தான். பக்கத்து பெஞ்சில் அவள் தாளை மறைக்காமல் எழுதியதால்தான் நான் அறிவியலில் பாஸானேன்.

தொடக்கம் ஒன்று: பாகூர் ஏரியின்மேல் மாலைச் சூரியன் தன் பொன்னிறக் கதிர்களை –

(வேண்டாம். இந்தக் கதையில் ஏரி வராது. சூரியனுக்கும் வேலையில்லை.)

2

தொடக்கம் இரண்டு, நேராக. போன மாதம் சீக்கு வந்து செல்வியின் நாட்டுக்கோழிகள் மொத்தமும் செத்துப்போயின. பத்து வருடமாகப் பார்த்துப் பார்த்துப் பெருக்கிய கோழிகள். மிஞ்சியது, சீக்கு வருவதற்கு முன்பே எடுத்துவைத்த நாற்பத்து மூன்று முட்டைகள். இவையும் போனால் அந்த வம்சமே இல்லை. அடைகாக்கக் கோழி இல்லாததால் பெட்டிக்குள் ஒரு ஹீட்டர் காயிலைப் பொருத்தினாள். சூடு முப்பத்தேழரை டிகிரியைத் தொட்டதும் காயிலை நிறுத்திவிட ஒரு தெர்மோஸ்டாட்டும் வைத்தாள்.

இருபத்தோரு நாள் பொறுத்தால் குஞ்சு. பதினேழு நாள் நன்றாகப் போயிற்று. பதினெட்டாம் நாள் மாலை, சூடு முப்பத்தைந்துக்கு இறங்கிவிட்டது. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று நான் போய் நின்றது அந்த நேரத்தில்தான்.

3

கலைவேந்தன் அண்ணனை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் திண்டாடினேன். அதே தெருவில் இருக்கிற வயர்மேன். கோயில் தேரானாலும் மாதா கோயில் கொடியேற்றமானாலும் சீரியல் செட் கட்டுவது அவர்தான். செல்வி கூப்பிட்டதும் அதே மாதிரி இன்னொரு காயிலோடு ஓடி வந்தார். பழைய காயிலின் வாலில் புதியதன் தலையைக் கோத்து முறுக்கினார்.

“ரெண்டு காயிலு ஓடுது. இனிமே சூட்டுக்கு இன்னா கொற?”

அரை மணி நேரத்தில் சூடு முப்பத்து நாலு.

(இவரை வில்லனாக்கி ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். முப்பது வருடம் பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த கை வேறெப்படிக் கோக்கும்? நல்ல மனிதர்.)

4

காயில் பொருத்திய அன்று மத்தியானமே செல்வி மீட்டரில் அளந்து மூடியில் எழுதியிருந்தாள்: 230 வோல்ட், அரை ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, 460 ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன், 115 வாட். இப்போது அண்ணனின் மீட்டரை வாங்கிப் பிளக்கில் வைத்தாள். 170.

“நடவு முடிஞ்சி எல்லாரும் இன்னிக்குதான் மோட்டார் போட்டுட்டாங்க. அதான் வோல்டேஜு படுத்துக்கிச்சி” என்றாள்.

170ஐ 170ஆல் பெருக்கி 460ஆல் வகுத்தாள்.* ஒற்றைக் காயிலுக்கு 63 வாட். இருக்க வேண்டியதில் ஏறக்குறைய பாதிதான்.

“கலையண்ணா, நீ ஒண்ணோட வால்ல இன்னொண்ண கோத்துட்ட. தடை ரெண்டு மடங்காச்சி, 920. இப்ப வெறும் முப்பத்தோரு வாட்டுதான் ஓடுது.”

“அட கடவுளே, இங்கயும் சீரியல் செட்டா கட்டிட்டேன்?”

“ரெண்டு காயிலுக்கும் தனித்தனியா லைன் குடு. தடை 230க்கு எறங்கும். நூத்தி இருபத்தாறு வாட்டு வரும்.”

“மத்தியானத்துல வோல்டேஜு ஏறிச்சின்னா முட்ட வெந்துடாதா?”

“தெர்மோஸ்டாட்டு எதுக்கு வெச்சிகிறேன்?”

மெயினை அணைத்துவிட்டு அவர் மாற்றிக் கட்டினார். மூன்று பேரும் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஏழு மணிக்கு முப்பத்தேழரை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனைக்கும் என் முட்டைகள்கூட இல்லை.

* ஏன் அதையே அதனால் பெருக்குகிறாய் என்று கேட்டேன். வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் கூடவே குறையும், அடி இரண்டு பக்கமும் விழும் என்றாள்.

5

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். முதல் வரைவில் அந்தக் கணக்கைப் போட்டது நான். செல்வி தாவணிக் காலத்து சினிமாக் கதாநாயகி போல ஓரமாகக் கைபிசைந்து நின்றாள். அதை அவளுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது.

“ஏன்பா அரிகரா, கைய பெசஞ்சிட்டு நின்னது நீதானே?”

உண்மைதான். அழித்துவிட்டு, நடந்தபடி எழுதினேன். கதை உடனே நன்றாகிவிட்டது, அதுதான் கொஞ்சம் எரிச்சல்.

6

முடிவுகள்:

நாற்பத்து மூன்றும் பொரிந்தன. (எனக்குப் பிடித்தது. நீங்கள் நம்ப மாட்டீர்கள்.)

ஒன்றுகூடப் பொரியவில்லை. (எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை.)

ஒரே ஒரு குஞ்சு பொரிந்தது, அதற்கு அவள் ஓம் என்று பெயர் –

(அசடு. போகட்டும்.)

7

இன்று இருபதாம் நாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே செல்வி போன் செய்கிறாள். கடைசி மூன்று நாள் பெட்டியைத் திறக்கக் கூடாதாம், ஈரம் போய்விடுமாம்.

“பெட்டி மேல போன வெக்கிறேன். பேசாம கேளு.”

கேட்டேன். இரைச்சல். தூரத்தில் ஏதோ மோட்டார். பிறகு முட்டை ஓட்டுக்குள்ளிருந்து ஒரு கீச். அப்புறம் இன்னொரு பக்கமிருந்து.

“எத்தினி கேக்குது?” என்கிறாள் செல்வி. “எனக்கு இருக்கிற ஆசைல நெறைய கேக்குதுப்பா. என் காத நான் நம்ப மாட்டேன். நீ சொல்லு.”

எனக்கும் ஆசை. என் காதும் லாயக்கில்லை. அவள் லைனில்தான் இருக்கிறாள். போனை உங்களிடம் தருகிறேன், நிதானமாகக் கேட்டுச் சொல்லுங்கள். குறைத்து மட்டும் சொல்லிவிடாதீர்கள்.